தேநீர்க் கறை படிந்த பை

கியோத்தோவில் துப்பறிவாளர் செகினேயின் அறைக்குள் ஹத்சுயோ நுழைந்தபோதே அவள் முகம் கொதித்துக்கொண்டிருந்தது. பழைய கிமோனோக்களைப் பிரித்துக் கைப்பை தைத்து, கோயில் சந்தையில் விற்பவள் அவள்.

"துணி வியாபாரி இனகாகி என்னைத் திருடின்னு சந்தை நடுவுல கத்திட்டான். அவன் அம்மாவோட கிமோனோவைத் திருடித்தான் இந்தப் பையைத் தைச்சேனாம். அது பொய்யின்னு காட்டலைன்னா நாளைக்குச் சந்தைக் குழுக்காரங்க என் கடையை எடுத்துடுவாங்க. வாசல் பக்கத்து இடமாச்சே, அவனுக்கு ரொம்ப நாளா கண்ணு."

செகினே பையைத் திருப்பிப் பார்த்தார். செந்நிறப் பட்டில் வெள்ளைச் சாமந்திகள். சாயம் துளியும் வெளுக்கவில்லை. அடியில் மட்டும் பழுப்புக் கறை.

"மிச்சத் துணி இருக்கா?"

"இருக்கு. முன்பக்கம் பாதி வெளுத்துப்போச்சு. இதுதான் தேறிச்சு."

"அவனை நாலு சாத்து சாத்தினா உண்மை தானா வரும்," என்றார் உதவியாளர் நகுமோ. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அநியாயம் என்றால் அவருக்குப் பொறுக்காது.

"முதல்ல பேச விடுவோம், நகுமோ-சான்."

மறுநாள் சந்தைக் குழுவின் அறையில், குழுவினர் முன் இனகாகி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அந்தக் கறைதாங்க சாட்சி. தேநீர் விருந்துல அம்மா மடியில கோப்பை கவிழ்ந்துச்சு. பக்கத்துலயே இருந்தேன்."

"மேல் துணியிலயா பட்டுச்சு?" என்று கேட்டார் செகினே.

"பின்னே, உள்ளே விட்டா ஊத்துவாங்க?"

உண்மைதானோ என்று நகுமோவுக்கே ஒரு கணம் மனம் தடுமாறியது. அதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

செகினே சொன்னபடி ஹத்சுயோ மிச்சத் துண்டுகளைத் தரையில் கிமோனோ வடிவில் பரப்பினாள். பூவேலையில் கிளையோடு கிளை சேர்ந்தது. ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. பையின் சாமந்திகள் அங்கே கச்சிதமாகப் பொருந்தின.

"இது வலப்பக்க முன்துண்டு," என்றார் செகினே. "உடுத்தும்போது உள்ளே போயிடும். வெயில் படாததாலதான் நிறம் நிக்குது. மேல மூடுற இடப்பக்கத் துண்டைப் பாருங்க, வெளுத்திருக்கு, ஆனா ஒரு சொட்டுக் கறை இல்லை. இந்தக் கறை, மடிச்சு வச்சிருந்த பெட்டியில ஈரம் பட்டு வந்தது. வலப்பக்கத்தை மேல போட்டு உடுத்துறது பிணத்துக்குத்தான். உங்கம்மா செத்த பிறகா தேநீர் குடிச்சாங்க?"

கடையில் தொங்கிய பையை மட்டும் பார்த்துக் கதை கட்டியவன் மன்னிப்புக் கேட்கும் விதமாக ஹத்சுயோவை நோக்கி ஆழக் குனிந்தான். பெற்ற தாயின் பெயரைச் சொல்லிப் பொய் சொன்ன அந்த முதுகைப் பார்க்கவே நகுமோவுக்கு அருவருப்பாக இருந்தது.

"இங்க குனிய வேண்டாம்," என்றாள் ஹத்சுயோ. "இந்த நாலு சுவத்துக்குள்ளயா என்னைத் திருடின்னீங்க? சந்தைக்கு வாங்க."

வெளியே கூட்டம் நெரிந்தது. இனகாகி ஏதோ முணுமுணுத்தான்.

"கேக்கலை," என்றாள் அவள்.