முப்பத்தெட்டு மதிப்பெண் வாங்கிய பாட்டு

தொலைக்காட்சித் திரையின் வலது மூலையில் முப்பத்தெட்டு என்ற எண் விழுந்தபோது, மங்கையர்க்கரசி வாயில் போட்ட தோசையை மென்று விழுங்க மறந்துபோனாள்.

மேடையில் நின்றவர்கள் ‘கூட்ரோடு’ குழுவினர். நாலே பேர். பாடுவது ஜெபசீலி, கிடார் அமானுல்லா, பேஸ் கிடார் குமுதவல்லி, டிரம்ஸ் தணிகைவேல். ‘நிக்காத பஸ்’ என்ற அவர்களுடைய பாட்டை மங்கை இதுவரை எத்தனை முறை கேட்டிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. தனியாகப் பூந்தமல்லிக்குக் குடிவந்த வருஷம் அவளைப் பைத்தியம் பிடிக்காமல் காப்பாற்றியது அந்தப் பாட்டுதான். ‘நிக்காத பஸ்ஸுக்கும் கை காட்டுவேன் நான்’ என்று ஜெபசீலி மேலே ஏறும் இடத்தில் மங்கை இன்றைக்கும் கைவேலையை அப்படியே நிறுத்திவிடுவாள்.

இன்று ஜெபசீலியின் குரல் அந்த இடத்தில் ஏறவில்லை. இருட்டில் சுவிட்சைத் தேடுகிற கை மாதிரி தடவிக்கொண்டே போனது. அமானுல்லாவின் கிடார் அதற்கு ஒரு இழை மேலே நின்றது, குமுதவல்லி ஒரு இழை கீழே. இவர்கள் யாராவது ஒன்றுசேரட்டும் என்று காத்திருந்து காத்திருந்து தணிகைவேலின் தாளம் நொண்டியது. பக்கத்து வீட்டுச் சன்னலிலிருந்து, “மெஷின் பாடினதுக்கு வாயசைச்ச கூட்டம், இன்னிக்கு வசமா மாட்டிக்கிச்சு” என்று யாரோ சொல்லிச் சிரிப்பது கேட்டது.

அது 2081. மனிதக் குரலில் ஒரு பாட்டைச் செய்து முடிக்க இயந்திரத்துக்கு நாலு விநாடி போதும். எது மனிதன் பாடியது, எது இயந்திரம் பாடியது என்று காதால் சொல்ல முடியாமல் போனபோது பிறந்ததுதான் இசை மெய்ம்மை வாரியம். மனிதர்கள் பாடியது என்று சொல்லி வருகிற எந்தப் பாட்டையும் வெளியான மூன்று வருஷத்துக்குள் ஒருமுறை நேரலையில் பாடிக்காட்ட வேண்டும். பதிவையும் நேரலையையும் ‘ஒப்புமானி’ என்ற கருவி இழைக்கு இழை ஒப்பிட்டு, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். அறுபதுக்குக் கீழே போனால் பாட்டு போலி. நாட்டில் உள்ள எல்லார் கருவியிலிருந்தும் அது அழிக்கப்படும், மூலப்பதிவு உட்பட.

ஒப்புமானியின் மேல் மக்களுக்கு அப்படியொரு நம்பிக்கை. டீக்கடைக்காரர் நேற்றைய டீயோடு இன்றைய டீயை ஒப்பிட்டுப் பலகையில் எழுதிப்போட்டார். பெண் பார்க்கப் போகிறவர்கள் புகைப்படத்துக்கும் பெண்ணுக்கும் எத்தனை சதவீதம் என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் பஜ்ஜியில் கை வைத்தார்கள். அரசியல்வாதிகள் மட்டும் இந்தக் கருவிக்குத் தங்களை விலக்கி ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள்.

மங்கை அந்த வாரியத்தில் பதினொரு வருஷமாக ஒப்பாய்வாளர். கருவி தோற்கடித்த பாட்டுக்கு இறுதிக் கையெழுத்து போடுவது அவள் வேலை. மறுநாள் காலையே கோப்பு அவள் மேசைக்கு வந்துவிட்டது. கூடவே இயக்குநர் அருணகிரியும் வந்தார்.

“உங்களுக்கு உயிரான குழுன்னு ஆபீஸுக்கே தெரியும். அதனாலதான் உங்ககிட்டயே கொடுத்தேன். நீங்களே கையெழுத்துப் போட்டுட்டா வெளியில ஒருத்தன் வாயத் திறக்க மாட்டான்.”

“விசாரிக்கணும் சார்.”

“தாராளமா. வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு. அதுக்கப்புறம் அழிச்சுடணும்.”

அன்று செவ்வாய். அவள் அப்போதே கைக்கடக்கமான ஒப்புமானி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு மணவாளநகருக்குக் கிளம்பினாள்.

மூடிக்கிடந்த அரிசி ஆலைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் கூட்ரோடு குழுவின் பயிற்சிக்கூடம், பதிவுக்கூடம், சாப்பாட்டுக்கூடம் எல்லாமே. சண்டை போடுவார்கள் என்று எதிர்பார்த்து வந்தவளுக்கு ஜெபசீலி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

“கேவலமா பாடினோம் மேடம். அதுல சந்தேகமே வேணாம். ஆனா அந்த ரெக்கார்டு நாங்க பாடினதுதான். இதுக்கு மேல எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

“ஏன் அப்படி ஆச்சு?”

“உள்ள போனதும் காது அடைச்ச மாதிரி ஆயிடுச்சு,” என்றான் அமானுல்லா. “பயம்தான்னு நெனக்கிறோம்.”

“இப்பப் பாடுங்க.”

நால்வரும் வட்டமாக நின்றார்கள். உடனே தொடங்கவில்லை. பத்து விநாடி போல அசையாமல் நின்றார்கள். பிறகு அமானுல்லா கம்பியைத் தொட்டான்.

மங்கை தொழில்முறையில் கேட்கத்தான் வந்திருந்தாள். முதல் சரணத்திலேயே அது முடியாமல் போயிற்று. பதிவில் கேட்டதைவிட ஜெபசீலியின் குரல் கரடுமுரடாக இருந்தது, வெப்பமாக இருந்தது. தணிகைவேல் கண்ணை மூடிக்கொண்டு, கோபித்துக்கொண்டு போகிற ஆளைப் பின்னாலேயே போய்ச் சமாதானம் செய்கிற பொறுமையோடு அடித்தான். மேலே ஏறும் இடத்தில் ஜெபசீலி பதிவில் இல்லாத ஒரு சின்னத் தயக்கம் வைத்தாள். அந்தத் தயக்கத்தில் நிற்காமல் போன எல்லாப் பேருந்தும் இருந்தது. எத்தனை பெரிய கலைஞர்கள் இவர்கள் என்று மங்கைக்குக் கண் நிறைந்துவிட்டது.

கருவி எழுபத்தொன்று என்றது. இன்னொரு தடவை பாடச் சொன்னாள். அறுபத்துநாலு. மூன்றாவது தடவை எழுபத்தெட்டு.

“பாடுறதுக்கு முன்னாடி எதுக்கு அப்படி நிக்கிறீங்க?”

“கொஞ்சம் மனசு அடங்கட்டும்னு. எப்பவும் அப்படித்தான்,” என்றாள் குமுதவல்லி.

மங்கையும் அதேபோல அசையாமல் நின்று பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குக் கேட்டது. பின்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, விடாமல், ‘ம்ம்ம்’ என்று ஒரு ஒலி. பின்கதவைத் திறந்தாள். கோவைக்கொடி படர்ந்த பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று நின்றுகொண்டிருந்தது. கையடக்கக் கருவியை அதன் பக்கம் நீட்டினாள். பிறகு அமானுல்லாவின் கிடார் கம்பியிடம் நீட்டினாள். இரண்டும் ஒன்று. உலகத்தில் வேறெந்தக் குழுவும் வைக்காத சுருதி.

“கிடாரை எதை வச்சு சுருதி சேர்ப்பீங்க?”

“காதை வச்சுதான் மேடம். சரியா வந்துட்டா தெரியும்ல?”

“இதோட சேர்த்திருக்கீங்க. நாலு பேரும். இதுதான் உங்க தம்பூரா.”

நால்வரும் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்தார்கள். ஆறு வருஷமாக முதுகுக்குப் பின்னால் நின்று சுருதி போட்ட ஆளை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தார்கள்.

“அடப்பாவி,” என்றான் தணிகைவேல். “இதை மாத்தச் சொல்லி நான் ரெண்டு தடவை மனு கொடுத்திருக்கேன்!”

தொலைக்காட்சி அரங்கம் முழுக்க மின்கலத்தில் ஓடுவது. அங்கே எறும்பு நடந்தால் கேட்கும். அந்த நிசப்தத்தில்தான் இவர்கள் தொலைந்துபோயிருந்தார்கள்.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் வாரியத்துக்குக் காரணம் போதாது, சான்று வேண்டும். பதிவில் அந்த ரீங்காரம் இல்லை, இரைச்சல்நீக்கி அதைச் சுத்தமாகத் துடைத்திருந்தது. மங்கை புதன்கிழமை முழுக்க யோசித்தாள். கம்பியில் வரும் மின்சாரம் விநாடிக்கு ஐம்பது துடிப்பு என்பது ஏட்டுக் கணக்கு. ஊரில் குளிர்சாதனங்கள் கூடினால் அது ஒரு மயிரிழை இறங்கும், அணைத்தால் ஏறும். டிரான்ஸ்ஃபார்மரின் சுருதியும் கூடவே இறங்கி ஏறும். அந்த ஏற்ற இறக்கத்தை மின்பகிர்வு மையத்தில் ஒவ்வொரு விநாடிக்கும் குறித்துவைக்கிறார்கள். பாட்டு பதிவான நாளின் குறிப்பைக் கேட்டு வாங்கினாள். ஜெபசீலியின் குரலிலிருந்து சுருதிக்கோட்டைப் பிரித்தெடுத்து அதன்மேல் வைத்தாள்.

இரண்டு கோடும் ஒன்றாகப் பொருந்தின. காதால் கேட்கவே முடியாத அசைவுகளை அந்தத் தொண்டை தொடர்ந்திருந்தது. இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு மத்தியானத்தில் தமிழ்நாடு முழுக்கச் சுற்றிய மின்விசிறிகள் எல்லாம் அவள் குரலில் இருந்தன. எந்த இயந்திரத்துக்கும் இதைச் செய்யத் தோன்றியிருக்காது. மங்கை எழுந்து நின்று தனியாகக் கைதட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை அருணகிரி கோடுகளைக் கண்ணாடி போட்டும் கழற்றியும் பார்த்தார்.

“பிரமாதம்மா. பாட்டு மெய்தான். முத்திரை குத்திடலாம்.”

“சார், ஒரு விஷயம். அவங்க இடத்துல, அவங்க சுருதியில, அவங்க பாட்டையே மூணு தடவை பாடினாங்க. எழுபத்தெட்டுக்கு மேல ஏறல.”

“அறுபதுக்கு மேலதானே, போதுமே.”

“அது போதும் சார். அப்ப தொண்ணூத்தொன்பது வாங்கினாங்களே, அவங்கல்லாம் யாரு?”

அருணகிரி நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மங்கை அந்த வருஷத்தில் தொண்ணூற்றொன்பது வாங்கித் தங்க முத்திரை பெற்ற பாட்டைத் திறந்தாள். பதிவில் நாற்பத்தொன்றாவது விநாடியில் பாடகர் மூச்சு வாங்கினார். நேரலையிலும் நாற்பத்தொன்றாவது விநாடியில்தான், ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிகூடப் பிசகாமல், அதே நீளத்துக்கு. மனிதன் எவனும் ஒரே மூச்சை இரண்டு தடவை வாங்குவதில்லை. படத்தைப் பெரிதாக்கினார்கள். சட்டைக் காலருக்குள் ஒலிபெருக்கி பதித்த மெல்லிய கழுத்துப்பட்டை தெரிந்தது. பாட்டு அதிலிருந்து வந்துகொண்டிருந்தது. அடுத்த தங்க முத்திரையையும் திறந்தார்கள். அடுத்ததையும். மத்தியானம்வரை முப்பத்தொன்று திறந்தார்கள், முப்பத்தொன்றும் அப்படியே.

இயந்திரம் ஒன்றை அப்படியே திரும்பச் செய்யும். அதைத்தான் நாடே உண்மை என்று கொண்டாடியிருந்தது. ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பாடியவர்களை மங்கை போலி என்று எழுதியிருந்தாள். பதினொரு வருஷத்தில் நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. அந்தப் பாட்டுகளை மறுபடி ஆராயவும் வழியில்லை, வாரியம் தன் வேலையை ஒழுங்காகச் செய்து எல்லாவற்றையும் அழித்திருந்தது. மிச்சம் இருந்தவை பெயர்களும் தொலைபேசி எண்களும்தான்.

பட்டியலில் முதல் பெயர் முத்துக்கருப்பி, உசிலம்பட்டி, ஐம்பத்திரண்டு மதிப்பெண். மங்கை எண்ணை அழுத்தினாள். அந்தப் பக்கம் ஒரு பெண் எடுத்ததும் மங்கை தன் பெயரையும் வாரியத்தின் பெயரையும் சொன்னாள்.

“தப்பு எங்களோடதும்மா. பதினொரு வருஷம் முன்னாடி வந்த அந்தப் பாட்டு, அது நீங்க பாடினதுதான். என்னை மன்னிச்சுடுங்க. இதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.”



“இல்லீங்க மேடம், அது நான் பாடலீங்க,” என்றது அந்தக் குரல், எந்த வருத்தமும் இல்லாமல். “வாரியத்துல இருந்தே சொல்லிட்டாகள்ல. மொதல்ல எங்க வீட்டுக்காரரு நம்புனாரு. அப்புறம் பிள்ளைக. ரெண்டு மூணு வருசத்துல எனக்கே தெளிஞ்சுபோச்சு. நான் அப்படியெல்லாம் பாடுற ஆளு இல்ல. நீங்க வேற யாரையோ கூப்புட வேண்டியது, ஆள் மாறிக் கூப்புட்டிருக்கீக.”