இடக்கை வரைந்த மருந்து

2068 ஜனவரி 9, தூத்துக்குடி. மருந்து வரைவகத்தில் பதின்மூன்றாவது சேர்மமும் நிராகரிக்கப்பட்டது.

ஜெபராணி எழுதுகோலைத் திரைமேல் வைத்துவிட்டு ஆறிப்போன டீயைக் குடித்தாள். பதினோரு ஆண்டுகளாகக் காசநோய்க்கு மருந்து வரைகிறவள் அவள். ஒரு மருந்து ஒரு நோயாளிக்குத்தான். அவர் குணமானதும் செய்முறையை அழித்துவிட வேண்டும். ஒரே மாத்திரையை ஊருக்கெல்லாம் கொடுத்துக் கிருமிக்கு அது பழகிப்போன பிறகு வந்த சட்டம் இது. அழித்த மருந்தின் வடிவம், அதன் நிழல் மட்டும் ஒப்புமானி என்ற கருவியில் இருக்கும். புதிய சேர்மம் ஏதாவதொரு நிழலை ஒத்திருந்தால் சிவப்பு விளக்கு எரியும்.

"பதிமூணும் ஒங்க பழைய மருந்தோட நெழல்தான்க்கா," என்றான் சோதனைக்கூடத்து டார்வின். "எதை வரைஞ்சாலும் கடைசில அந்த ஃபுளூரின் வாலைக் கொண்டாந்து ஒட்டிருதிய. பந்தில அப்பளம் வைக்கிற மாதிரி."

"வேணும்னா செய்யுதேன்? கை அங்கதான் போவுது."

இந்த மருந்துக்காகக் கண்ணாடி அறையில் காத்திருந்த நோயாளி பேச்சி. இருபத்து மூன்று வயது. கோவில்பட்டிப் பெண்கள் கபடி அணியில் பாடிப்போகிறவள். பிப்ரவரி இருபதுக்குள் கிருமி குறையாவிட்டால் இடது நுரையீரலின் மேல்பாதியை அகற்றுவதென்று மருத்துவர்கள் நாள் குறித்திருந்தார்கள். தினமும் காலையில் ஒரே மூச்சில் கபடி பாடிப் பார்ப்பாள். அன்று பதினொரு நொடி. களத்தில் முப்பது நொடி வேண்டும்.

"அக்கா, பாதி நுரையீரலோட போனா பாதி பாயிண்டாவது தருவாவளா?" என்று ஒலிபெருக்கியில் கேட்டாள்.

ஜெபராணி சிரித்தாள். மேசைக்குத் திரும்பியதும் எழுதுகோலை இடக்கைக்கு மாற்றினாள்.

"என்னக்கா, எல்.கே.ஜி.ல சேந்துட்டியளா?"

"பேசாம இருல."

கோடுகள் நடுங்கின. அறுகோணமாக வரவேண்டிய வளையம் ஐங்கோணமாக வந்தது. சங்கிலி எதிர்ப்பக்கம் திரும்பியது. வால் ஒட்டும் இடத்துக்கு வந்தபோது இடக்கைக்கு வழி தெரியவில்லை, அப்படியே விட்டுவிட்டாள். பச்சை விளக்கு எரிந்தது.

பேச்சியின் உயிரணுக்களிலிருந்து வளர்த்த, தபால்தலை அளவு நுரையீரல் சில்லில் அந்தச் சேர்மத்தை விட்டார்கள். நான்காம் நாள் அதில் உயிருள்ள கிருமி இல்லை. பக்கத்திலிருந்த கல்லீரல் சில்லுக்கும் சேதமில்லை. டார்வின் இரண்டு முறை பார்த்துவிட்டு, களத்தில் இறங்கும் ஆட்டக்காரனைப்போலத் தொடையைத் தட்டினான்.

ஜனவரி 17 அன்று மருந்து தொடங்கியது. பிப்ரவரி 18 அன்று அறுவைச் சிகிச்சையை ரத்து செய்தார்கள்.

ஜூலை 19, அழிப்பு நாளன்று பேச்சியின் அணி முழுவதும் கடலைமிட்டாய்ப் பெட்டிகளோடு வந்து இறங்கியது. அழிக்கும் பொத்தானை நோயாளிதான் அழுத்த வேண்டும் என்பது வரைவகத்து வழக்கம். ஜெபராணி திரையில் கடைசியாக ஒருமுறை அந்தக் கோணல் வளையத்தைப் பார்த்தாள். அவள் வரைந்ததிலேயே நல்ல மருந்து அதுதான்.

"இம்புட்டு நல்ல மருந்தை அழிக்கணுமா? அடுத்து வாரவங்களுக்கு?" என்றாள் பேச்சி.

"வேற வரைவேன்."

"எந்தக் கையாலக்கா?"

"ரெண்டு கைக்கும் நெழல் விழுந்தாச்சு. இனிமே காலாலதான்," என்றான் டார்வின். கடலைமிட்டாய் வாயோடு ஜெபராணிக்குப் புரையேறியது. இரண்டு ஆட்டக்காரிகள் அவள் தலையில் தட்டினார்கள்.

அன்று பிற்பகல் 3.40. பேச்சி முற்றத்தில் ஒரே மூச்சில் முப்பத்திரண்டு நொடி பாடினாள். பிறகு உள்ளே வந்து பொத்தானை அழுத்தினாள். செய்முறை அழிந்தது.