ஒன்றுமே செய்யாத பெட்டி

பஞ்சுவின் அம்மாவுக்கு இரண்டு வேலைகள். காலையிலிருந்து மாலை வரை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடிப்பது ஒன்று. சனிக்கிழமைகளில் ஒரு பாட்டுக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பது இன்னொன்று. முதல் வேலைக்குச் சம்பளம் உண்டு. இரண்டாவது வேலைக்குச் சில நேரம் சம்பளம் உண்டு, சில நேரம் பன் மட்டும்தான். குழுவில் டிரம்ஸ் அடிப்பவர் பேக்கரி வைத்திருந்தார்.

பேஸ் கிட்டாருக்கு நான்கே கம்பிகள். நான்கும் தடிமன். அதன் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்பே வயிற்றுக்கு வந்துவிடும். பக்கத்து அறையில் ஏதோ ஒரு பெரிய விலங்கு மெத்து மெத்தென்று நடந்து போவது போல இருக்கும். அந்த விலங்கு நடந்தால்தான் பஞ்சுவுக்குத் தூக்கமே வரும்.

பஞ்சு என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. எத்தனை முறை வாரினாலும் பொங்கி நிற்கும் தலைமுடிக்கு யாரோ வைத்த பெயர். அது அவளுக்கே ஒட்டிக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை மாலை தபால்காரர் வந்தார். அவர் கையில் கடிதம் எதுவும் இல்லை. அந்தப் பாட்டுக் குழுவின் பாடகர் அவர்தான். வாசலில் நின்று, காலிப் பையைத் தோள் மாற்றித் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, சொல்ல வந்ததைச் சொல்லு" என்றாள் அம்மா. அவள் கால்கள் இரண்டும் வெந்நீர் வாளிக்குள் இருந்தன.

"வந்து... போன நிகழ்ச்சியில பின்வரிசைக்காரங்க ரெண்டு பேர் என்கிட்ட கேட்டாங்கக்கா. அந்தம்மா வாசிக்கிறாங்களா, இல்ல கிட்டாரைச் சும்மா மாட்டிக்கிட்டு நிக்கிறாங்களான்னு."

"நீ என்ன சொன்ன?"

"வாசிக்கிறாங்கன்னு சொன்னேன்."

"நம்பினாங்களா?"

தபால்காரர் பையை இன்னொரு தோளுக்கு மாற்றினார். "வர்ற சனிக்கிழமை பெரிய கூடம். அங்கயும் கேக்கலன்னா, உங்க பங்கையும் கீபோர்டுலயே வாசிச்சிடலாம்னு ஒரு பேச்சு அடிபடுது. நான் சொல்லல. பேச்சு."

"இங்க உன் வாயைத் தவிர வேற வாய் ஒண்ணும் தெரியலையே."

தபால்காரர் தரையைப் பார்த்தார். "ஒரு பெடல் வாங்கிப் பாருங்கக்கா. இப்பல்லாம் எல்லாரும் வச்சிருக்காங்க."

அவர் போன பிறகு அம்மா வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. வாளித் தண்ணீர் ஆறிப் போனது.

"இதுவும் போச்சுன்னா, அப்புறம் எனக்கு வெறும் விரிப்புதான்" என்றாள். பஞ்சுவிடம் சொன்னது போலவும் இருந்தது, வாளியிடம் சொன்னது போலவும் இருந்தது.

பெடல் என்பது சோப்புப் பெட்டி அளவுள்ள ஓர் இரும்புப் பெட்டி. கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே தரையில் வைப்பார்கள். காலால் ஒரு மிதி மிதித்தால் சத்தம் வேறு மாதிரி ஆகிவிடும்.

புதன்கிழமை, புதிய பெடல்கள் விற்கும் கடையின் கண்ணாடிக்கு வெளியே நின்று விலைச் சீட்டுகளைப் படித்ததும் இருவரும் நடையைக் கட்டினார்கள். அம்மா கையில் இருந்ததைப் போல மூன்று பங்கு விலை. அங்கிருந்து பழைய இசைக்கருவிகள் விற்கும் கடைக்குப் போனார்கள். அது ஒரு நீண்ட, இருட்டான, அமைதியான கடை. கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கொட்டாவி விட்டார். அதைப் பார்த்து அம்மாவும் விட்டாள். பிறகு பஞ்சுவும்.

"வாங்கினதைத் திருப்பித் தர முடியாது. மூணு நாளுக்குள்ள வேற ஒண்ணு மாத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டு, மேசைமேல் பெடல்களைப் பரப்பினார்.

அம்மா ஒவ்வொன்றாகத் தரையில் வைத்து, மிதித்து வாசித்தாள். சிவப்புப் பெட்டியை மிதித்தால் கிட்டார் மேட்டில் ஏறும் லாரி போல உறுமியது. மஞ்சள் பெட்டிக்குத் தொண்டை கட்டியிருந்தது. நீலப் பெட்டியை மிதித்தபோது கடை முழுவதும் தண்ணீருக்குள் இறங்கியது போல இருந்தது. சத்தம் அலை அலையாக வந்தது. சுவரில் தொங்கிய வயலின்கள் மீன்களாகிவிட்டதாகப் பஞ்சு நினைத்தாள்.

அம்மா அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தாள். "இதுதான்" என்றாள்.

அம்மா உறையில் போட்டுக் கொண்டுவந்த பணம் அத்தனையும் போனது. பேருந்துக்கு மட்டும் மிச்சம் இருந்தது.

வியாழக்கிழமை ஒத்திகை, பேக்கரிக்குப் பின்னால் மாவு மூட்டைகள் அடுக்கியிருந்த அறையில் நடந்தது. பஞ்சு ஒரு மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தாள். பேக்கரி மாமா டிரம்ஸைத் தட்டினார். பஞ்சுவின் கணக்கு வாத்தியார் கீபோர்டு வாசித்தார். தபால்காரர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார்.

அம்மா நீலப் பெட்டியை மிதித்தாள்.

தண்ணீரும் இல்லை, மீனும் இல்லை. இருந்த கொஞ்சம் சத்தமும் டிரம்ஸுக்கு அடியில் எங்கேயோ கரைந்து போனது.

தபால்காரர் பாட்டை நிறுத்தினார். "அக்கா, மிதிச்சீங்களா?"

"மிதிச்சேன்."

"மிதிச்சுமா?"

தபால்காரர் கீபோர்டு பக்கம் திரும்பினார். கணக்கு வாத்தியார் கீபோர்டிலிருந்து கைகளைத் தூக்கிக் காட்டினார். "என்னைப் பாக்காதீங்கப்பா. எனக்கு இருக்கிறது பத்து விரல். பத்துக்கும் ஏற்கெனவே வேலை கொடுத்தாச்சு."

"சனிக்கிழமை பாத்துக்கலாம் சார்" என்றார் தபால்காரர். அவர் குரல் மெதுவாக இருந்தது. அதட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று பஞ்சுவுக்குத் தோன்றியது.

மீண்டும் பாட்டு தொடங்கியது. பஞ்சுவுக்கு எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை. அம்மாவின் ஸ்பீக்கர்மேல் யாரோ வைத்துவிட்டுப் போன ரொட்டித் தட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டில் மெல்லியதாக மாவு படிந்திருந்தது. பனி விழுந்த ஒரு சின்ன நாடு போல.

அந்த நாட்டில் ஏதோ நடந்தது. அம்மா கம்பியை மீட்டும்போது மாவு ஒரு துள்ளு துள்ளியது. அடுத்த முறை மீட்டும்போது துள்ளவில்லை. அதற்கடுத்த முறை துள்ளியது. பிறகு இல்லை.

பஞ்சு எண்ணினாள். பதினாறு முறை மீட்டினால் எட்டு முறைதான் துள்ளுகிறது.

அவள் மூட்டையிலிருந்து சரிந்து இறங்கி, அம்மாவின் வலது கையைப் பார்த்தாள். அம்மா இரண்டு விரல்களால் மாற்றி மாற்றி வாசிப்பாள். ஆள்காட்டி விரல் இழுத்தால் மாவு துள்ளியது. நடுவிரல் இழுத்தால் மாவு சும்மா இருந்தது. விரிப்பை மடித்ததும் மடிப்பின்மேல் அழுத்தித் தேய்ப்பது அந்த நடுவிரலால்தான். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. மாலைக்குள் அந்த விரல் தளர்ந்து போய்விடுகிறது. வீட்டின் அமைதியில் அந்தச் சின்னச் சத்தமும் கேட்டுவிடும். டிரம்ஸுக்கு நடுவே பாதிப் பாட்டு காணாமல் போகிறது.

பஞ்சு வாயைத் திறந்தாள். தபால்காரர் இருந்தார், பேக்கரி மாமா இருந்தார், வாத்தியார் இருந்தார். வாயை மூடிக்கொண்டாள். விரல் தளர்ந்துவிட்டது என்று இங்கே சொன்னால் எல்லோர் காதிலும் விழும். பேஸ் கிட்டார் கேட்காத கூடத்தில்கூட அது கேட்கும்.

திரும்பும்போது அம்மா பேருந்தின் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். ஒவ்வொரு குழிக்கும் தலை கண்ணாடியில் இடித்தது. அவள் நகர்த்திக்கொள்ளவில்லை.

"அம்மா, நாளைக்கு அந்தக் கடைக்குப் போலாமா? மாத்திக்கலாம்னு சொன்னாருல்ல."

"எதை மாத்தினாலும் இப்படித்தான் இருக்கும். விடு."

"ஒரே ஒரு தடவை."

"கிட்டாரைத் தூக்கிட்டு அவ்வளவு தூரம் நடக்கணும்டி."

"நான் தூக்கிட்டு வர்றேன்."

அம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். "அது உன்னைத் தூக்கிட்டு வரும்."

வெள்ளிக்கிழமை கிட்டாரை ஒரு பக்கம் அம்மாவும் மறுபக்கம் பஞ்சுவும் பிடித்துக்கொண்டு போனார்கள். பஞ்சு கடைக்குள் முதலில் ஓடிப்போய், மேசைமேல் எம்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அங்கிள், சின்னச் சத்தத்தைப் பெருசாக்கணும். பெருசு அதுக்கு மேல போகக் கூடாது. ரெண்டும் ஒரே உயரத்துல நிக்கணும். அப்படி ஒரு பெட்டி இருக்கா?"

கடைக்காரர் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினார். "கம்ப்ரெஸர் கேக்கற."

"ஃப்ரிட்ஜுல இருக்குமே, அதுவா?"

"அது வேற. இது வேற." அவர் குனிந்து, மேசைக்கு அடியில் எதையெதையோ தள்ளி, ஒரு சாம்பல் நிறப் பெட்டியை எடுத்து ஊதினார். தூசி பறந்தது. பெயின்ட் பாதி உரிந்திருந்தது. ஒரு திருகைக் காணவில்லை. "இதை யாரும் தேடி வர்றதில்ல. மிதிச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். அதான் விலை கம்மி. நீலத்தைக் குடுத்தா, இதையும் குடுத்து மீதிப் பணமும் தரணும் நான்."

அம்மா வந்து உட்கார்ந்து வாசித்தாள். மிதித்தாள். மறுபடி வாசித்தாள்.

"ஒண்ணும் தெரியலையே பஞ்சு. போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டாலும் ஒண்ணுதான்."

"இங்க அமைதியா இருக்கும்மா. அன்னைக்கும் அமைதியா இருந்துச்சு. அதான் நீலம் நல்லா இருந்துச்சு" என்றாள் பஞ்சு. கடைக்குள் சுற்றிலும் பார்த்தாள். மூலையில் ஒரு பழைய டிரம்ஸ் இருந்தது. அதன்மேல் 'தொடாதீர்கள்' என்று ஓர் அட்டை.

"அங்கிள், நீங்க அதை அடிக்கிறீங்களா? பலமா. அம்மா வாசிக்கட்டும். நான் தெருவுக்கு அந்தப் பக்கம் போய்க் கேக்கறேன்."

"நானா?" என்று கேட்டார் கடைக்காரர். ஆனால் அதற்குள் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார்.

பஞ்சு எதிர்ப்பக்கம் தையல்கடை வாசலில் போய் நின்றாள். கடைக்காரர் அடித்த அடியில் தையல்காரரே மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். முதலில் பெட்டி இல்லாமல் வாசித்தாள் அம்மா. டிரம்ஸுக்கு நடுவே பேஸ் நொண்டி நொண்டி வந்தது. அடுத்து நீலம். ஒன்றுமே வரவில்லை. கடைசியில் சாம்பல் பெட்டி.

ஒரு பேருந்து குறுக்கே போனது. இரண்டு மோட்டார் சைக்கிள்கள் போயின. அவற்றுக்கு அடியில் அந்தப் பெரிய விலங்கு நான்கு காலையும் ஊன்றி நடந்து வந்தது. ஓர் அடிகூடத் தவறவில்லை. பஞ்சு வயிற்றில் கை வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

அவள் திரும்பி வந்தபோது கடைக்காரர் இன்னும் அடித்துக்கொண்டிருந்தார். அவரை நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது. அம்மா வலது கையை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடுவிரலும் கேக்குது" என்றாள் மெதுவாக. பிறகு, "உனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து."

"அங்கயே சொல்லியிருக்கலாமே."

"அங்க எல்லாரும் இருந்தாங்க."

அம்மா அவள் தலைமுடிக்குள் கையை விட்டுக் கோதினாள். பிறகு கடைக்காரரிடம் கேட்டாள்: "இது ஏமாத்து வேலை இல்லையாங்க? வலு என் கையில இல்ல, பெட்டியிலதானே இருக்கு."

கடைக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, நெற்றியிலிருந்த மூக்குக்கண்ணாடியை இறக்கி மாட்டினார். "அப்ப நான் பேப்பர் படிக்கிறதும் ஏமாத்துதான்" என்று சொல்லிவிட்டு மீதிப் பணத்தை எண்ண ஆரம்பித்தார்.

சனிக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. அம்மா காலையில் பாதி நாள் விரிப்பு மடித்துவிட்டு நேராக அங்கே வந்திருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. தபால்காரர் தரையிலிருந்த சாம்பல் பெட்டியைப் பார்த்தார். அதன் உரிந்த பெயின்ட்டைப் பார்த்தார். பிறகு மேலே விட்டத்தைப் பார்த்தார்.

பஞ்சு முன்வரிசையில் உட்காரவில்லை. பின்சுவர் வரை நடந்து போய், கடைசி நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றாள். அங்கே ஒரு பெரியவர் கைகளைக் கட்டிக்கொண்டு, யாரோ கட்டாயப்படுத்தி அழைத்து வந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

முதல் பாட்டு. டிரம்ஸ் வந்தது, கீபோர்டு வந்தது, தபால்காரரின் குரல் வந்தது. பஞ்சு மூச்சை அடக்கிக்கொண்டாள். பிறகு அம்மா வந்தாள். கால் வழியாக, வயிறு வழியாக, எந்த அவசரமும் இல்லாமல்.

பெரியவர் நிமிரவில்லை, கையையும் பிரிக்கவில்லை. ஆனால் அவருடைய வலது செருப்பு தரையைத் தட்ட ஆரம்பித்தது. ஆள்காட்டி விரலுக்கு ஒரு தட்டு. நடுவிரலுக்கு ஒரு தட்டு.

பஞ்சு அடக்கிய மூச்சை விட்டாள்.

நிகழ்ச்சி முடிந்து அவள் மேடைக்குப் பின்னால் போனபோது, அம்மா கிட்டார் பெட்டிமேல் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தாள். பஞ்சு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தபால்காரர் ஒயர்களைச் சுற்றிக்கொண்டே வந்து, அம்மாவைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ஓட்டைப் பெட்டி அப்படி என்னதான் பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணாது மாமா."

அவர் சாம்பல் பெட்டியைக் குனிந்து பார்த்தார். புரியவில்லை போலிருந்தது. "சரி. வியாழக்கிழமை ஆறு மணிக்கு ஒத்திகைன்னு அம்மாகிட்ட சொல்லிடு."

"கீபோர்டு?"

"அது அதோட பங்கை மட்டும் வாசிக்கும்." அவர் ஒயரைத் தோளில் மாட்டிக்கொண்டார். "எழுப்பிச் சொல்றியா?"

"பத்து நிமிஷம் கழிச்சுச் சொல்றேன்" என்றாள் பஞ்சு.