அஸருக்கு வரும் அழைப்பு

கணவன் இறந்தபின் இத்தா எனும் துக்கத் தனிமையில் இருக்கும் பெண் வாசற்படி தாண்ட மாட்டாள். அந்நிய ஆணும் உள்ளே வர முடியாது. அதனால்தான் சாய்ந்தமருதில் போன் திருத்தும் பெண்ணான றம்லாவுக்கு ஆள் அனுப்பியிருந்தாள் ஹாஜறா.

“பத்து நாளா பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவர்ர நம்பர்ல இருந்து எனக்குக் கோல் வருது. எடுத்தா மூச்சுச் சத்தம் மட்டும் கேக்குது,” என்றாள் ஹாஜறா. “மௌத்தான அண்டைக்கு அவர்ர போன நான்தான் சால்வையில சுத்தி, பக்கத்து அறை அலுமாரிக்குள்ள வெச்சன். பிறகு தொடப் பயம்.”

றம்லா பக்கத்து அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“சண்டை புடிச்சிட்டுத்தான் சாகாமத்து வயல் காவல் வாடிக்குப் போனவர். அஸருக்குக் கோல் பண்ணினார். கோபத்தில நான் எடுக்கல்ல. பொழுதுபட்டு மஃரிபுக்குள்ள மௌத்துச் செய்தி வந்திட்டு. இது அவர்தானா எண்டு மட்டும் சொல்லு, தங்கச்சி.”

ஹாஜறாவின் தங்கை நஸ்லின் தேநீர் கொண்டுவந்தாள். இரண்டு வாரத்துக்கு முன் கஞ்சி வடிக்கும்போது கொட்டி, இரண்டு கை விரல்களிலும் துணிக்கட்டு.

றம்லா பக்கத்து அறைக்குப் போய் அலுமாரியைத் திறந்தாள். சால்வை சுற்றியபடியே இருந்தது. போனில் பூட்டில்லை, சார்ஜ் தொண்ணூறு வீதம். அதை ஹாஜறாவிடம் எடுத்துவந்து செட்டிங்கைப் பார்த்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“மூடிக் கிடந்தா சார்ஜ் மிச்சம் புடிக்கத் தொடுதிரை தூங்கிரும். தன்னால கோல் போகாது, ராத்தா. ஆரோ வெளிய எடுத்திருக்காங்க, சார்ஜும் போட்டிருக்காங்க.”

“ஆரு?”

“வாடியில கரண்ட் இல்ல. அவர் சார்ஜ் தின்னுற எல்லாத்தையும் நிப்பாட்டி வெச்சிருக்கார். ஒண்டு மட்டும் போட்டிருக்கு: கையுறை போட்டுத் தொட்டாலும் திரைக்கு விளங்குற செட்டிங். அது சார்ஜ் தின்னும், அவர் போட்டிருக்க மாட்டார். வெறும் விரலுக்கு அது தேவையுமில்ல.”

ஹாஜறா தங்கையின் கைகளைப் பார்த்தாள். நஸ்லின் அழத் தொடங்கினாள்.

“நீங்க சோறு தண்ணியில்லாமக் கிடந்தீங்க, ராத்தா. அவர்ர போன்ல இருந்து ஒருக்கா கோல் அடிச்சுப் பாத்தன். அண்டைக்குத்தான் சாப்பிட்டீங்க. பிறகு எப்பிடி நிப்பாட்டுற?”

ஹாஜறா அவளைத் திட்டவில்லை. கட்டுப்போட்ட கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். சரியான விடையைக் கண்டுபிடித்ததற்காக றம்லா முதன்முதலாக வெட்கப்பட்டாள்.

“அவர் என்னை மன்னிச்சிட்டார் எண்டு நெனச்சிட்டன்,” என்றாள் ஹாஜறா, றம்லாவிடம். “போன்ல பழுது, ஒண்டும் விளங்கல்ல எண்டு சொல்லியிருக்கலாமே, தங்கச்சி.”