அவித்து வைத்த அடை

வேதகிரிக்கு ஆல்பர்ட் தரவேண்டிய பாக்கி பதினாலாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். குளத்தைச் சுத்தம் செய்து வாத்துப் பெருக்கத்தையும் ஒழிக்கும் கான்ட்ராக்ட் வேதகிரியுடையது. "இந்தத் தபா ஒரு குஞ்சுகூட பொரிக்கக் கூடாதுடா. பொரிக்கலன்னா உன் கணக்க அடிச்சுடறேன். ஒண்ணு பொரிச்சாலும் உன் வூட்டுச் சினை ஆட்ட ஓட்டிக்கினு பூடுவேன்" என்று சொல்லிவிட்டான்.

உத்திரமேரூர்க் குளத்தில் அழகுக்கென்று யாரோ விட்டது நாலு மணிலா வாத்து. இப்போது கரை, சாக்கடை, பஸ் ஸ்டாண்டு எங்கும் அதுதான். கத்தாது, சீறும். மூஞ்சியெல்லாம் பழுத்த கொப்புளம்போல் சிவப்புச் சதை. முட்டையை எடுத்துவிட்டால் மறுபடி இடும் என்பதால், அவித்து அதே கூட்டில் திருப்பி வைப்பார்கள். அது ஏமாந்து அடைகாத்துக்கொண்டு கிடக்கும்.

ஆல்பர்ட்தான் டின்னில் போட்டு அவித்தான். ஒன்று வெடித்து, ஈரமயிரும் சவ்வுக்காலுமாக ஏதோ மிதந்தது. அந்த வாடை எத்தனை சோப்பு போட்டும் விரலைவிட்டுப் போகவில்லை. "கையயே மோந்துக்கினு கீறியே, சோத்த யாரு துன்றது?" என்று பெண்டாட்டி பிரிஸ்கில்லா கேலி செய்தாள்.

இன்று பொழுது சாயும் நேரத்தில் மோட்டார் ரூமுக்குப் பின்னால் போனான். பழைய டயருக்குள், போன வாரம் அவித்த முட்டைகளை அவன் திருப்பி வைத்த கூடு. தாய் வாத்து அதில் இல்லை. தண்ணீரோரமாய் நின்று, கழுத்தை நீட்டி, தன் கூட்டைப் பார்த்தே சீறிக்கொண்டிருந்தது.

குனிந்தான். எச்சமும் அழுகின பாசியும் கலந்த நாற்றத்துக்கு அடியில் வெந்த கறி வாடை. முட்டையைத் தொட்டான். சுட்டது.

உள்ளே கொத்தும் சத்தம்.

ஓடு விரிந்தது. வெளியே வந்தது வெந்திருந்தது. வெள்ளையாக, தோல் கழன்று. கண் இரண்டும் குழம்பு மீனின் கண். அந்தக் கண்ணால் அவனைப் பார்த்தது. கல்லைத் தூக்கிப் போட்டான். மாவாகப் பிதுங்கியது. பிதுங்கினபடியே அவன் காலை நோக்கி நகர்ந்தது.

அடுத்தது விரிந்தது. அடுத்தது.

கரைமேல் பைக் நின்றது. வேதகிரி.

"இன்னாடா, எதனா பொரிச்சுதா?"

ஆட்டின் தொங்கின வயிறு கண்முன் வந்தது. ஆல்பர்ட் லுங்கியை விரித்துக் கூட்டின்மேலேயே குந்தினான்.

"இல்லண்ணா."

"அங்க குந்திக்கினு இன்னா பண்ற?"

"வவுறு சரியில்லண்ணா."

"த்தூ! கொளத்தாண்டயேவா? சரி போ, உன் கணக்கு தீந்துச்சு."

பைக் போய்விட்டது.

எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை. தொடையிடுக்கில் சூடாக, வழவழவென்று ஒட்டிக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கதகதப்பு தேடி, மேலே, இன்னும் மேலே. வெந்த சின்ன அலகுகள். தாய் வாத்து நீந்திப் போய்விட்டது.

கடன் தீர்ந்த ஆல்பர்ட் அசையாமல் குந்தியிருந்தான், அடைகாத்தபடி.