விடுமுறை நாள் ஆகாரம்

புட்டியில் இருந்த திரவம் மஞ்சளாகியிருந்தது.

அவள் அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். நேற்று மாலை அவளே ஊற்றிவிட்டுப் போன ஆகாரம் அது. இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் செல்கள் கண்டமேனிக்குப் பெருகி, இருப்பதையெல்லாம் தின்று தீர்த்தால்தான் இப்படி மஞ்சளாகும். வைரஸ் புகுத்திய செல்களின் புட்டி என்றால் அவள் கண்டுகொண்டிருக்கவே மாட்டாள். ஆனால் இது பச்சை மூடி போட்டது, ஆரோக்கியமான செல்கள். இன்னும் சொல்லப்போனால், அவளுடைய செல்கள். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல தோல் வேண்டுமென்று ஆய்வகத் தலைவர் கேட்டபோது, கையை நீட்டித் துளியூண்டு வெட்டிக்கொள்ளச் சொன்னவள் அவள்தான்.

விடுமுறை நாளில் செல்களுக்கு ஆகாரம் மாற்றும் வேலை எப்போதும் அவள் தலையில்தான் விழும். "உங்களுக்கென்ன மேடம், பிள்ளையா குட்டியா?" என்று சிரித்தபடி மற்றவர்கள் கழன்றுகொள்வார்கள். அவளும் சிரித்துவைப்பாள். சிரிக்காமல் இருந்தால் இன்னும் அசிங்கமாக இருக்கும்.

கைபேசியை உள்ளே கொண்டுவரக் கூடாது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே மேசைமேல் அதை வைப்பதற்கு முன்னால்தான் அக்கா பேசியிருந்தாள்.

"எல்லாரும் வந்தாச்சு. நீ எங்கடி இருக்க?"

"பிள்ளைங்களுக்கு ஆகாரம் போட்டுட்டு வந்துடறேன்க்கா."

"நல்ல பிள்ளைங்க பெத்த போ. ஒண்ணாவது உன்னை அம்மான்னு கூப்பிட்டிருக்கா?"

இப்போது அந்தக் குரலும் இல்லை. ஜன்னலே இல்லாத அறையில் நடுப்பகலும் ஒன்றுதான், நடுராத்திரியும் ஒன்றுதான். குளிர்பெட்டி தொண்டையைச் செருமிச் செருமி அடங்கியது. மேசை துடைத்த ஸ்பிரிட்டின் நெடிக்கு அடியில், இத்தனை வருஷத்தில் அவள் இங்கே முகர்ந்தறியாத ஒரு வாடை, மூடிவைத்த அறையில் யாரோ நெடுநேரம் படுத்திருந்தது போன்ற வெதுவெதுப்பான உடம்பு வாடை, புட்டியின் மூடியிலிருந்து மெல்லக் கசிந்து வந்தது.

புட்டியை நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள்.

நல்ல செல்கள் தரையில் பதித்த ஓடுகள் போலப் பக்கத்தில் பக்கத்தில் படிந்திருக்கும். ஒன்றை ஒன்று தொட்டதும் ஒரு சேதி போகும்: இடமில்லை, இத்தோடு நில். செல்லுக்குள் இருக்கும் காவல்காரப் புரதம் அதைக் கேட்டுப் பிளவை நிறுத்திவிடும். இந்த வைரஸ் செல்லைக் கொல்வதில்லை. காவல்காரனை மட்டும் தீர்த்துக்கட்டிவிடும். அப்புறம் பக்கத்தில் இருப்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் அந்தச் செல்லுக்கு எட்டாது. பெருகும். பெருகிக்கொண்டே போகும். புற்றுநோய் அங்கேதான் வேர் பிடிக்கிறது. ஆனாலும் அதற்கு வருஷக்கணக்கில் ஆகும், வேறு பல பழுதுகளும் கூடவே சேர வேண்டும். ஒரே ராத்திரியில் நடக்கிற காரியம் இல்லை.

நடந்திருந்தது. செல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவியலாகக் கிடந்தன.

எப்படி என்று அவளுக்குத் தெரியும். முதலில் ஆரோக்கியமான புட்டி, கடைசியில் வைரஸ் புட்டி. இது எழுதி ஒட்டாத சட்டம். நேற்று மாலை அவள் அதை மாற்றிச் செய்தாள். தன் செல்களைக் கடைசிக்கு வைத்துக்கொண்டால் அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டு உட்காரலாம் என்று ஓர் ஆசை. வீட்டுக்குப் போய் என்ன கிழிக்கப்போகிறோம் என்று ஓர் அலுப்பு. வைரஸ் புட்டியைத் தொட்ட அதே கையுறையோடு இதைத் தொட்டாள். பிறகுதான் ஆள்காட்டி விரல் நுனியில் கையுறை கிழிந்திருந்ததைப் பார்த்தாள். அதற்கடியில், அன்று காலையில் காய் நறுக்கும்போது பட்ட வெட்டு.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பரிசோதனை, கட்டாய விடுப்பு. வீட்டில் உட்கார்ந்து யார் முகத்தைப் பார்ப்பது?

மறுபடி குனிந்தாள். அவள் பார்க்கப் பார்க்க ஒரு செல் இடுப்பு சிறுத்தது. இரண்டானது. கண் இமைப்பதற்குள் அந்த இரண்டும் சிறுத்தன.

அத்தனை வேகம் கிடையாது. எந்தச் செல்லுக்கும் கிடையாது.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். கையுறையை உரித்தாள். ஆள்காட்டி விரலில் மட்டும் அது வர மறுத்தது. பல்லைக் கடித்து இழுத்தாள். வந்தது.

வலி இல்லை. வீக்கம் இல்லை. வெட்டும் இல்லை. வெட்டு இருந்த இடத்தில் பளபளவென்று புதுத் தோல்.

அக்கா வீட்டுக்குப் போய்விட வேண்டும். எல்லாவற்றையும் சொல்லி அழ வேண்டும். யாராவது அவளைத் தொட்டுப் பேச வேண்டும்.

வெளியே போகவும் கதவு விரல் ரேகைக்குத்தான் திறக்கும்; உள்ளே வரும்போது திறந்தது. பதிவு செய்தது அந்த ஆள்காட்டி விரல் ஒன்றைத்தான். சுவரில் ரேகை பதிக்கும் சின்னக் கண்ணாடியில் அழுத்தினாள்.

சிவப்பு விளக்கு.

துடைத்துவிட்டு அழுத்தினாள். சிவப்பு.

கதவுக்கு அந்தப் பக்கம் கைபேசி ஒளிர்ந்தது. சத்தம் கேட்கவில்லை. திரையில் 'அக்கா' என்ற எழுத்து மட்டும் துடித்தது.

"அக்கா," என்றாள். கதவை அறைந்தாள். "அக்கா, இங்க இருக்கேன்!"

திரை அணைந்தது.

விரலைக் கண்ணருகே கொண்டுவந்தாள். ரேகைகள் நெளிந்தன. ஒரு கோடு மெல்லப் பிரிந்து இரண்டானது. இரண்டு, நான்கானது. இடம் போதாமல் நகத்தின் மேல் ஏறின.

கத்த வாயெடுத்தவள், சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள்.

அவள் கையை எடுத்து வெகுநேரமாகியிருந்தது. கண்ணாடியில் அவள் விட்ட ரேகையின் ஈரத்தடம் இன்னும் காயவில்லை. அதன் ஓரத்தில் ஒரு கோடு பிரிந்தது. இன்னொன்று பிரிந்தது. கண்ணாடியின் சட்டத்தைத் தாண்டி, சத்தமே இல்லாமல், அது வெள்ளைச் சுவரில் பரவத் தொடங்கியது.