கச்சான் காற்றும் சமக்குரலும்

அன்று சட்டக் கல்லூரியின் வேலை நேர்காணலில் இருபது பேர் பேசினார்கள். கேட்டதென்னவோ ஒரே குரல்தான்.

தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் சமக்குரல் பட்டையின் வேலை அது. பேசுபவரின் ஊர், சாதி, ஆணா பெண்ணா என்பதையெல்லாம் வடிகட்டிவிட்டு, செய்தி வாசிப்பதைப் போன்ற சீரான தமிழை வெளியே அனுப்பும். மாணவர்கள் தனித்தனிக் கூண்டுகளில் அமர்ந்து, சாட்சியாக நடித்த ஒருவனை முறைவைத்துக் குறுக்கு விசாரணை செய்தார்கள். யார் பேசுகிறார் என்பது எவருக்கும் தெரியாது.

இதைக் கொண்டுவந்தவள் ஜெனோவா, மாணவர் சமவாய்ப்பு மன்றத்தின் செயலாளர். போன வருடம் ஒரு நிறுவனம் அவளுடைய சீனியரைத் தேர்ந்தெடுத்தது; முகவரியைப் பார்த்த மறுநாளே வேண்டாம் என்றது. அந்தக் கோபத்தில் அவள் விதி எழுதினாள்: எந்தச் சூழலிலும் குரலுக்கு உரியவரைப் பதிவில் தேடக் கூடாது; தேர்வானவர் தாமே எழுந்து நிற்க வேண்டும். தேர்வாகாத ஒருவனும் எழுந்து நிற்பான் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

எல்லாரும் பட்டைகளைக் கழற்றிவிட்டுக் கூடத்துக்கு வந்தார்கள். கடல் வழக்குகளை நடத்தும் நிறுவனத்தின் வழக்கறிஞர் நந்தகோபன் முடிவைச் சொன்னார்.

"ஒரே ஒரு இடம்தான். சாட்சிகிட்ட காத்தைப் பத்திக் கேட்டவர் யாரோ, அவருக்கு."

காற்றைப் பற்றிக் கேட்டது ஜெனோவாதான். தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து அவள் சட்டம் படிக்க வந்ததே இந்த வேலைக்காகத்தான். படகில் நடந்த பேரத்தைக் கரையில் நின்றபடி கேட்டதாகச் சாட்சி சொன்னான். அன்று என்ன காற்று என்று கேட்டாள். கச்சான் என்றான். கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்றில் கடல் பேச்சு கரைக்கு எப்படி வந்தது என்று மடக்கினாள்.

அவள் எழுந்தாள். முன்வரிசையில் ஆதர்ஷும் எழுந்தான். பேச்சுப் போட்டிகளில் கோப்பைகளை அள்ளுபவன்.

"அந்தக் கேள்வியைக் கேட்டது நான்தான், ஐயா" என்றான்.

"ஏல, கூசாமப் பொய் சொல்லுதியே" என்றாள் ஜெனோவா.

வேலைவாய்ப்பு மையத்தின் பேராசிரியர் மெஹருன்னிசா தவித்தார். "பதிவைத் திறந்து பார்த்துடலாமா?"

"எந்தச் சூழலிலும் கூடாது என்பது விதி, மேடம்" என்றான் ஆதர்ஷ். "ஜெனோவாவே எழுதியது."

பதிவைத் திறந்தால் இருபது பேருடைய முகமும் திறந்துவிடும். ஜெனோவா பல்லைக் கடித்துக்கொண்டு, "தெறக்க வேண்டாம் மேடம்" என்றாள்.

நந்தகோபன் யோசித்தார். "சரி. சாட்சி கச்சான்னு சொல்லாம, கொண்டல்னு சொல்லியிருந்தா?"

"காற்றின் திசை மாறும்போது, சாட்சியத்தின் நம்பகத்தன்மையையும் நாம் மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கும்" என்றான் ஆதர்ஷ்.

ஜெனோவா அவசரமாகச் சொன்னாள்: "கொண்டலு கடல்லேந்து கரைக்கு அடிக்கும் சார். அது பலமா அடிச்சா அலை எரைச்சல்ல பக்கத்துல நிக்கவம் பேசுறதே கேக்காது. எந்தக் காத்துன்னாலும் அவன் சொன்னது பொய்யிதான்."

நந்தகோபன் பரிவோடு தலையாட்டினார். "தப்பா நினைக்காதீங்கம்மா. நான் கேட்ட குரல்ல ஒரு தெளிவு இருந்தது. இவர் பேச்சு அப்படியே அதுமாதிரி இருக்கு."

பட்டைக்கு எந்தத் தமிழை ஊட்டலாம் என்று மன்றத்தில் வாக்கெடுத்த நாள் ஜெனோவாவின் நினைவுக்கு வந்தது. 'நல்ல தமிழ்' என்று ஒரு குரல் பதிவை ஓடவிட்டார்கள். அவளும் கை தூக்கினாள். அது ஆதர்ஷ் வீட்டில் சாப்பிடும்போது பேசும் தமிழ்.

பையிலிருந்த பட்டையை எடுத்துத் தொண்டையில் ஒட்டினாள். முன்பு சொன்னதையே மறுபடி சொன்னாள்.

"கொண்டல் கடலிலிருந்து கரைக்கு வீசும், ஐயா. அது பலமாக வீசினால் அலை இரைச்சலில் அருகில் நிற்பவர் பேசுவதே கேட்காது. எந்தக் காற்றாக இருந்தாலும் அவர் சொன்னது பொய்தான்."

நந்தகோபன் நிமிர்ந்து உட்கார்ந்தார். யார் ஒட்டினாலும் அதே குரல்தான் வரும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அவர் காது ஒப்புக்கொண்டால்தானே.

"இதுதான். இந்த வாதம்தான். வேலை உங்களுக்குத்தாம்மா."

ஆதர்ஷ் உட்கார்ந்துவிட்டான். எல்லாரும் கைதட்டினார்கள். ஜெனோவா நன்றி சொல்லிக்கொண்டே பட்டையைக் கழற்றக் கையைக் கொண்டுபோனாள்.

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார் நந்தகோபன், உண்மையான அன்போடு. "கோர்ட்டுக்கு வரும்போதும் ஒட்டிக்கிட்டே வாங்க."

அவள் கை பாதியில் நின்றது. பட்டையைக் கழற்றச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை என்று விதியில் எழுதியிருந்தாள். ஒட்டிக்கொள்ளச் சொல்லக் கூடாது என்று எழுதவில்லை.